மேனேஜரும் சீர் பீரோவும்

1

இந்தக் கதையை நான் பொறாமையில் தொடங்கினேன். குன்னூரில் எங்கள் எதிர் வீட்டு ஆண் வாத்து, பெண்டாட்டி செத்துப்போன துக்கத்தில் நான்கு நாள் பட்டினி கிடந்தது. நான் காய்ச்சலில் கிடந்தபோது என் வீட்டில் யாரும் ஒரு வேளைகூடச் சாப்பாட்டை விடவில்லை.

2

முதல் வரி: ‘பனி மூடிய மலைச்சரிவில் ஒரு தனித்த பறவை…’

சே, வேண்டாம். போகிற வருகிறவர்களின் கெண்டைக்காலைக் கடிப்பதால் அதற்கு மேனேஜர் என்று பெயர். எஸ்டேட்டில் வேலை பார்த்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

3

பட்டினியை முடித்தது ஒரு பீரோ. எதிர் வீட்டு சாந்தாமணி அக்கா தன் மகள் ராஜப்ரியாவின் கல்யாணச் சீருக்கு வாங்கியது. வாசலில் நுழையாததால் விறகு ஷெட்டில் நிறுத்தியிருந்தார்கள். அதன் ஆளுயரக் கண்ணாடியில் தன்னையே பார்த்த மேனேஜர், பெண்டாட்டி திரும்பி வந்துவிட்டாள் என்று நினைத்தார். (என் ஊகம்தான். கேட்கப் போனால் கடிக்கிறார்.) அன்றிலிருந்து பீரோவுக்கு முன்னால் வைத்தால்தான் சோறு இறங்குகிறது.

வேறு கண்ணாடி வைக்கலாமே என்பீர்கள். வைத்தோம். எட்டிப் பார்த்துவிட்டு பீரோவுக்கே போய்விட்டார். அவள் இவள் இல்லையாம்.

4

கல்யாணம் முடிந்தது. இன்று பீரோ கோயம்புத்தூர் போக வேண்டும். ‘மகளும் போகிறாள், பீரோவும்…’ என்று எழுதி அக்காவிடம் படித்துக் காட்டினேன்.

“ஏனுங்க, உங்க கதைக்கு நான் எதுக்குங்க அழோணும்? சீர் போகலீன்னா சம்பந்தி ஊட்டுல என்ன பேசுவாங்க, அத எழுதுங்க.”

மறுவீடு வந்திருந்த ராஜப்ரியா சொன்னாள்: “இங்கயே இருக்கட்டும்மா. என் சேலையெல்லாம் அட்டப்பெட்டில வெச்சுக்கறேன்.”

“வாத்துக்கோசரம் சீர நிறுத்துனாங்கன்னு ஊரே சிரிக்கும்டி.”

திட்டிவிட்டு அக்கா ஷெட்டுக்குள் போய் மேனேஜருக்குச் சோறு வைத்தார். கண்ணாடியில் அக்கா முகமும் பின்னால் நின்ற மகள் முகமும் தெரிந்தன. முந்தானையை எடுத்துத் துடைத்தார். கண்ணாடியைத்தான்.

5

முடிவு அ: பீரோ போகிறது. மேனேஜர்… இதை எழுத மாட்டேன்.

முடிவு ஆ: பீரோ நிற்கிறது. ராஜப்ரியா மாமியார் வீட்டில் வருடக்கணக்கில் பேச்சு வாங்குகிறாள்.

முடிவு இ: மேனேஜரையும் சீரோடு அனுப்புவது. மாப்பிள்ளையின் கெண்டைக்காலை நினைத்து விட்டுவிட்டேன்.

டெம்போ வந்து நிற்கிறது. டிரைவர் வேலுசாமி பீரோவின் ஒரு பக்கத்தைப் பிடித்துவிட்டார். மேனேஜர் இன்னும் சாப்பிட்டு முடிக்கவில்லை.

“சார், அந்தப் பக்கம் ஒரு கை போடுங்க.”

என்னால் முடியாது. நான் கைகளை ஸ்வெட்டருக்குள் விட்டுக்கொண்டேன். நீங்கள்தான் சும்மா நின்று படித்துக்கொண்டிருக்கிறீர்கள். பிடிப்பதா, வேலுசாமியைத் திரும்பிப் போகச் சொல்வதா, சீக்கிரம் சொல்லுங்கள். அவருக்குக் கை வலிக்கிறது.