சிலுவையம்மாளின் கை

சிலுவையம்மாள் ஆஸ்பத்திரி வார்டுக்குள் நுழைந்தால் ஐரீன் முதலில் பார்ப்பது அவள் கையைத்தான். கை ஈரமாக இருக்கிறதா, இடுப்பில் செருகிய சுருக்குப்பையின் பக்கம் போகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வா அக்கா என்பாள். அந்தப் பையில் வெற்றிலை பாக்கோடு ஒரு சின்ன சீசா இருந்தது. ஒரு காலத்தில் தலைவலித் தைலம் இருந்த சீசா. இப்போது அதில் மாதா கோயில் தீர்த்தம்.

சிலுவையம்மாள் ஐரீனின் புருஷன் லியோனார்டின் அக்கா. துறைமுகத்தில் மூட்டை சரிந்து புருஷன் செத்ததிலிருந்து ராயபுரத்தில் தம்பி வீட்டோடுதான் இருந்தாள். அவளாகத் தேடிக்கொண்ட உத்தியோகம் ஒன்று உண்டு. சாகக் கிடக்கிற குழந்தைகளைத் தேடிப் போய்த் தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுப்பாள். சாமியார் வருவதற்குள் உயிர் போய்விடும் என்றால் யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று சட்டம். கொடுக்காமல் செத்த பிள்ளைக்கு மோட்சம் கிடையாது, கல்லறைத் தோட்டத்தில் மந்திரித்த மண்ணும் கிடையாது. மதிலோரம் நெருஞ்சிக்கு நடுவில் புதைத்துவிட்டு வரவேண்டியதுதான். தாய்ப்பாலையே முழுசாகக் குடிக்காத பிள்ளை என்ன பாவம் செய்தது என்று யாரும் கேட்டதில்லை. அப்படியெல்லாம் கேட்கிற வழக்கம் அந்தச் சந்தில் இல்லை.

ஐரீனுக்குப் பிறந்த வீட்டில் இரண்டு தம்பிகள் இருந்தார்கள். இருவருக்கும் இப்படித்தான் பாயில் கிடத்தி, கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்கள். இருவரும் விடியும்வரை தங்கவில்லை. சாகிற பிள்ளைகளுக்குத்தானே அந்தத் தண்ணீர், அதனால் தண்ணீர் பட்டவையெல்லாம் செத்தன, அவ்வளவுதான். இந்த நியாயம் அவளுக்குத் தெரியாமலில்லை. தெரிந்து என்ன? கிண்ணத்தில் தண்ணீரைக் கண்டால் எடுத்துக் கொட்டிவிடுவாள்.

அவளுடைய பெண் பிறக்கும்போதே நீலம். அழவில்லை. டோரதி என்கிற நர்ஸ் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கித் தட்டி அழவைத்தாள். அந்தப் பெயரைத்தான் வைப்பது என்று ஐரீன் அப்போதே முடிவுசெய்து, யாரிடமும் சொல்லாமல் வைத்துக்கொண்டாள். ஞானஸ்நானத்துக்கு முன் பெயர் சொல்லி அழைப்பதில்லை. அதனால் வீட்டில் எல்லாருக்கும் அது பாப்பாதான். இருதயத்தில் பிறவிக் கோளாறு, பெரிதானால் பார்க்கலாம் என்றார் டாக்டர். பெரிதாக்குவது எப்படி என்று அவர் சொல்லவில்லை. பால் குடிக்க ஆரம்பித்தால் நெற்றி வேர்க்கும், மூச்சு இரைக்கும், பாதியில் விட்டுவிட்டு உதடு நீலமாகிக் கிடக்கும். இங்க் ஃபில்லரால் சொட்டுச் சொட்டாகக் கொடுக்கவேண்டும். நடுவில் பார்லித் தண்ணீர். ஒரு சளி பிடித்தால் நேரே ஆஸ்பத்திரி.

முதல் தடவை அப்படிப் படுத்திருந்தபோது பக்கத்துக் கட்டிலில் திருவொற்றியூர் மளிகைக் கடைக்காரர் வீட்டுப் பூமாரி இருந்தாள். தெற்கத்திப் பெண். அவள் பையனுக்கு வயிற்றுப்போக்கு நிற்காமல் கண் உள்ளே போய்விட்டது. சாப்பாடு கொண்டுவந்த சிலுவையம்மாள் அந்தக் கட்டிலில் உட்கார்ந்து, துணியை நனைத்துப் பையன் தலையைத் துடைத்தாள். துடைக்கும்போது உதடு அசைந்தது. நீங்க நல்லாயிருக்கணும்க்கா என்று பூமாரி கையெடுத்துக் கும்பிட்டாள். பிள்ளையைத் தன்னைக் கேட்காமல் வேறு சாமியிடம் ஒப்படைத்துவிட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியாது. மறுநாள் அந்தக் கட்டிலில் ரப்பர் ஷீட் மட்டும் கிடந்தது.

அன்றைக்கே ஐரீன் நாத்தனாரை வராந்தாவுக்கு இழுத்துப் போனாள்.

"எம்புள்ள தலைல ஒரு சொட்டு பட்டுச்சு, அக்கான்னுலாம் பார்க்கமாட்டேன். புள்ளையத் தூக்கினு போய்க்கினே இருப்பேன். அப்பால உன் தம்பிக்கி நீயே வடிச்சிக் கொட்டு."

"நான் இன்னாம்மே, சீசால வெசமா வெச்சிகினு கீறேன்?"

"வெசம்னாகூட டாக்டரு மாத்து மருந்து குடுப்பாரு."

அதற்குப் பிறகு சிலுவையம்மாள் ஞானஸ்நானப் பேச்சையே எடுக்கவில்லை. பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டு மாதா பாட்டைப் பாடினாள், துணி அலசினாள், பார்லி காய்ச்சி வடிகட்டி சீசாவில் ஊற்றி வைத்தாள். அந்த அமைதிதான் ஐரீனுக்குப் பயமாக இருந்தது. இரண்டாம் தடவை நிமோனியா என்று சேர்த்து, ஊசி மேல் ஊசியாகப் போட்டபோது, நாத்தனார் வருகிற நேரமெல்லாம் அவள் கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. குழாயடிக்குப் போகவேண்டியிருந்தால் அடக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். தன் பிள்ளையை நோயிடமிருந்து காப்பாற்ற அவளால் ஆகாது. ஆனால் இந்த ஒரு கையிடமிருந்து காப்பாற்ற முடியும். அதுவாவது முடியட்டும்.

வீட்டுக்கு வந்தபிறகு நல்ல நாட்கள் சில வந்தன. கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்தது. துறைமுகத்தில் கிரேனில் வேலை பார்த்த லியோனார்டு, இப்படியே வெயிட்டு ஏறினால் இனி தன் பெண்ணைக் கிரேனில்தான் தூக்கவேண்டும் என்று சந்து முழுக்கச் சொல்லித் திரிந்தான். ஒருநாள் சிலுவையம்மாள் பாப்பாவின் காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். ஐரீன் எதிரே உட்கார்ந்து அந்த எண்ணெய்க் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மே, சிரிக்கிறா பாரு."

ஐரீன் குனிந்து பார்ப்பதற்குள் அந்தச் சிரிப்பு முடிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஞானஸ்நானம் என்று ஐரீனே நாள் குறித்தாள். சாகிற பிள்ளைக்கு ஊற்றுவதைப் போல அவசரமாக அல்ல, வாழ்கிற பிள்ளைக்குச் செய்வதைப் போல ஞானத்தாய் கையில் கொடுத்து, வெள்ளைக் கவுன் போட்டு, மெழுகுவர்த்தி பிடித்து. கவுனுக்கு அவளே லேஸ் வைத்துத் தைத்தாள். சிலுவையம்மாளும் சந்தோஷமாகத்தான் இருந்தாள். சனிக்கிழமை மத்தியானம் சாமியாரிடம் பேசவேண்டியது ஒன்று இருக்கிறது என்று கோயிலுக்குக் கிளம்பிப் போனாள்.

அவள் போன கொஞ்ச நேரத்தில் பாப்பாவுக்கு உடம்பு கொதித்தது. மூச்சு வாங்கியது. லியோனார்டு வேலையில் இருந்தான். ஐரீன் பையில் துணியையும் பார்லி சீசாவையும் திணித்துக்கொண்டு, சந்து முனையில் நின்ற ஜாபரின் ரிக்‌ஷாவில் ஏறினாள். ஜாபருக்கு அந்த வழி பழக்கம், எங்கே என்று கேட்கவில்லை. வெயிலில் ஓடினான். ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி ஒன்று முன்னால் வந்தது, நின்றது, பின்னால் போனது, மறுபடி வந்தது. ஜாபர் கேட்காரனைப் பார்த்துக் கத்தினான். கேட்காரன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

பாப்பாவின் நகம் கறுத்தது. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் இடைவெளி விழ ஆரம்பித்தது. அந்த இடைவெளிகளை ஐரீனுக்குத் தெரியும், தம்பிகளிடம் பார்த்தவை. இத்தனை நாள் யாரையும் கிட்ட விடாத அவள், பார்லி சீசாவின் தக்கையைப் பல்லால் பிடுங்கினாள். டோரதி என்று முதல் தடவையாக வாய்விட்டுச் சொல்லி, பிதா, சுதன், இஸ்பிரீத்துசாந்து என்று ஞானஸ்நான ஜெபத்தோடு நெற்றியில் ஊற்றினாள். கண்ணில் வழிந்தது. முந்தானையால் துடைத்தாள். அதற்குப் பிறகு இன்னும் கொஞ்சம் மூச்சு இருந்தது.

கேட் திறந்தபோது ஜாபர் திரும்பிப் பார்த்தான். வண்டியை இழுக்கவில்லை.

"ஆஸ்பத்திரிக்கா, வூட்டுக்காம்மா?"

அவனாகத்தான் வண்டியைத் திருப்பினான்.

சாமியார் கெட்டவர் அல்ல. வயசானவர், வீட்டு வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பிள்ளையின் நெற்றியைத் தொட்டார். பிறகு ஞானஸ்நானம் கொடுத்தாயிற்றா என்று கேட்கவேண்டியதைக் கேட்டார். வழியில் நானே ஊற்றினேன் என்றாள் ஐரீன். என்ன தண்ணீர் ஊற்றினாய் என்றார். சொன்னாள். அவர் சீசாவை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். அடியில் வெள்ளையாகக் கலங்கல்.

"இது தண்ணியாம்மா, கஞ்சியா?"

"டாக்டரு குடுக்கச் சொன்ன தண்ணி."

சுத்தத் தண்ணீராக இருக்கவேண்டும், இது சந்தேகத்துக்கு இடமானது, மேலிடத்தைக் கேட்காமல் மந்திரித்த மண்ணில் இடம் கொடுக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். லியோனார்டு எழுந்து நின்றான். உலகத்திலிருக்கிற மூட்டையெல்லாம் தூக்குகிறவனுக்கு அந்த நேரத்தில் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அப்போதுதான் சிலுவையம்மாள் சுவரை விட்டு நகர்ந்து வந்தாள்.

"சாமி, நான் எப்பவோ ஊத்திட்டேன். மொத தபா ஆஸ்பத்திரில கெடந்தப்பவே. இவ துணி அலசப் போயிருந்தா. தீர்த்தம்தான், கஞ்சி இல்ல. அடைக்கலமேரின்னு எங்கம்மா பேரு வெச்சேன். அத்தச் சொல்லத்தான் இன்னிக்கி கோயிலுக்கு வந்தேன், நீங்க இல்ல."

சாமியார் பெருமூச்சு விட்டார். அப்படியானால் பிரச்சினை தீர்ந்தது. ஒரு தடவைதான் ஞானஸ்நானம், முதலில் கொடுத்ததுதான் செல்லும், பெயரும் அதுதான். தாய் ஊற்றியது கணக்கில் வராது. இதையும் அவர் ஆறுதல் என்று நினைத்தே சொன்னார்.

சின்னப் பிள்ளை தேவதூதர்களோடு சம்மனசாகப் போகிறது என்று கோயிலில் திருநாளுக்கு அடிப்பதைப் போல மணி அடித்தார்கள். லேஸ் வைத்த கவுன் போட்டுப் பெட்டியில் வைத்தார்கள். காசிமேட்டுக் கல்லறையில், மதிலுக்கு வெகு தூரத்தில், நல்ல மண்ணில் குழி. அடைக்கலமேரி, அடைக்கலமேரி என்று சாமியார் சொன்னபோதெல்லாம் வேறு யாருடைய பிள்ளையையோ அடக்கம் செய்வதுபோல ஐரீன் நின்றாள். அழவில்லை. ஆண்கள் மண் தள்ளிவிட்டு மண்வெட்டியைத் தட்டிய பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"நீ ஊத்தினப்பறமும் உயிரோட இருந்துதா?"

"இருந்துதேம்மே. உன் கண்ணு முன்னாடிதானே வளந்துச்சு. ரெண்டு தபா ஆஸ்பத்திரிக்கிப் போய் வந்துச்சு. சிரிச்சுச்சு."

"நீ அப்பவே சொல்லியிருக்கணும்."

"சொன்னா புள்ளையத் தூக்கினு பூடுவேன்னியே."

"போயிருக்க மாட்டேன். நாலு நாள் கத்தியிருப்பேன். அப்பறம் உன் கையப் பாக்கறத விட்டுட்டு எம்புள்ள மூஞ்சியப் பாத்திருப்பேன்."

சிலுவையம்மாள் முந்தானையை எடுத்து, ஐரீனின் முகத்தில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைக்க எட்டினாள்.

ஐரீன் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. கண் மட்டும் கீழே இறங்கி, அந்தக் கை ஈரமாக இருக்கிறதா என்று பார்த்தது.