ஊதா விளக்கில் மஞ்சள்

சிவசங்கரி கடலை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. ஆனாலும் கடலுக்கடியில் மூச்சுவிடுகிறவர்களுக்காகத்தான் அவள் வேலை செய்தாள். மஸ்கட்டிலிருந்து திரும்பிய கோவர்த்தனன் ரேணிகுண்டாவில் போட்டிருந்த தகரக் கொட்டகை அது. முக்குளிப்பவர்களின் சிலிண்டருக்குள் ஆக்சிஜனை அழுத்தி ஏற்றும் பூஸ்டர் பம்புகளை அங்கே பிரித்து, துடைத்து, தேய்ந்த வளையங்களை மாற்றிப் பூட்டுவார்கள்.

அன்று மேஜைக்கு வந்தது அந்தமான் பம்பு. அவள் புருஷன் திருமலை அங்கேதான் ஒரு படகில் சிலிண்டர் நிரப்பிக்கொண்டிருந்தான். நகரியில் இருவரும் தறி ஓட்டியவர்கள். தறி நின்றதும் அவன் கப்பலேறினான், அவள் பஸ் ஏறினாள். இந்தப் பம்பின் வால்வைத் திறக்கப்போவது அவன் கைதான்.

"எண்ணெய் ஒரு பொட்டு உள்ள இருந்தா போதும்மா. அந்த அழுத்தத்துல ஆக்சிஜன் பட்டா நெருப்புக்குச்சியே வேணாம், தானா பத்திக்கும்" என்று கோவர்த்தனன் சொல்லாத நாளில்லை.

துடைத்த பாகங்களைக் கறுப்புத் திரை போட்ட அறையில் ஊதா விளக்கின் கீழே வைத்துப் பார்ப்பது வழக்கம். பிசுக்கு இருந்தால் ஒளிரும். சுத்தமான உருக்கு இருட்டோடு இருட்டாகக் கிடக்கும்.

சிவசங்கரி விளக்கைப் போட்டாள். பிஸ்டன் மேல் பச்சையும் பொன்னுமாக விரல் தடங்கள் பூத்திருந்தன. வால்விலும் பூத்திருந்தன. சின்னச்சின்ன வளையங்கள்கூட மின்மினி மொய்த்தது போல மினுங்கின.

"இன்னாடி, உள்ளாற தீபாவளி கொண்டாடிக்கினு இருக்கியா?" பெட்டி கட்டும் கன்னியம்மாள் திரையை விலக்கினாள். அவள் பின்னாலேயே கோவர்த்தனனும் வந்தார்.

"நல்லாத்தான் துடைச்சேண்ணா."

"கையக் காட்டு."

கையுறையின் நுனிகள் அதே பொன்னில் எரிந்தன. சிவசங்கரி குனிந்து பார்த்தாள். சட்டைக்கு வெளியே வந்திருந்த தாலிக்கயிறு, காலையில் பூசிய வெள்ளிக்கிழமை மஞ்சளோடு, சுடரைத் திரித்துக் கட்டியது போல இருந்தது. அப்போதுதான் உறைத்தது. ஒவ்வொரு பாகத்தைத் துடைத்து வைத்ததும், அவன் நல்லா இருக்கணும் என்று தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றியிருக்கிறாள். கையுறையைக் கழற்றாமலே.

"மஞ்சள்லயும் எண்ணெய் கீதும்மா. உடம்புப் பிசுக்கு வேற. பர்வாலேது, மறுபடி கழுவு. லாரி நாளைக்குப் போவட்டும். தாலிய உள்ள போட்டுக்க."

"உள்ளதாண்ணா போட்டிருந்தேன். கை சும்மா இருந்தாத்தானே?"

பின்கழுத்து முடிச்சை அவள் தேடினாள். கோவர்த்தனன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஐயையோ! புருஷன் இருக்கச்சே கழட்டுவாங்களாடி?"

"அவரு இருக்கணும்னுதாங்க்கா."

முடிச்சு அவிழவில்லை. கன்னியம்மாள் தானே வந்து அவிழ்த்து, தன் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"வேலை முடியறவரைக்கும் என்கிட்ட இருக்கட்டும். துன்னுட மாட்டேன்."

கையை முழங்கைவரை சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, புதுக் கையுறை மாட்டி, சிவசங்கரி எல்லாவற்றையும் முதலிலிருந்து துடைத்தாள். நடுவில் பலமுறை கை மார்புவரை போய், வெறுமையைத் தொடாமலே திரும்பியது.

சாயங்காலம் மறுபடி ஊதா விளக்கு. கோவர்த்தனனும் கன்னியம்மாளும் பக்கத்தில் நின்றார்கள். வால்வு இருட்டு. வளையங்கள் இருட்டு. கடைசியாகப் பிஸ்டனைத் திருப்பினாள். அதில் மெல்லிய பொன்கோடு ஒன்று வளைந்து ஓடியது.

அவள் மறுபடி துணியை எடுத்தாள்.

"அது உன் கழுத்துடி" என்றாள் கன்னியம்மாள், கோயிலுக்குள் பேசுவது போல.

கயிறு கிடந்த தடம், தோலில் ஊறிய மஞ்சளாக, பளபளத்த உருக்கில் கண்ணாடியில் தெரிவது போலத் தெரிந்தது. சிவசங்கரி மெல்லப் பின்னால் நகர்ந்தாள். உருக்கு முழுக்க இருண்டது.

"இப்போ பூட்டலாண்ணா" என்றாள்.