யானைக்கால் எழுத்து

இந்தக் காலத்தில் எவனும் வாயால் பதில் சொல்வதில்லை. எதைக் கேட்டாலும் ஒரு தாளை நீட்டுகிறான். ரேஷன் கடையில் சர்க்கரை எப்போது வரும் என்று கேட்டால், சுவரில் ஒட்டியிருக்கிறதே, பார்க்கவில்லையா என்கிறான். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனால் முதலில் சீட்டை நிரப்பு என்கிறான். கரண்ட் ஆபீசில் ஆள் இருக்கிறானா என்பதே சந்தேகம். கம்பிக்குப் பின்னாலிருந்து ஒரு கை மட்டும் வந்து தாள் கொடுத்துவிட்டுப் போகிறது. வாயை வைத்துக்கொண்டு இவர்கள் என்னதான் செய்கிறார்கள்?

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். நொச்சிக்குப்பத்தில் மோட்டார் பூட்டிய மூன்று சக்கர மீன்பாடி வண்டி வைத்து, முப்பது வருஷம் ஐஸ் கட்டி ஏற்றி இறக்கியவன். என் பேர் பவுல்சாமி என்பதையும் பஸ் நம்பரையும் வாசிப்பேன். அதற்கு மேல் எனக்குத் தேவைப்படவில்லை.

என் பேத்தி ஜொவிட்டாவுக்குத் தேவைப்பட்டது. ஐந்தாம் வகுப்பில் இரண்டு தடவை ஃபெயிலாகி உட்கார்ந்துவிட்டாள். மூளையில் குறை ஒன்றும் இல்லை. மீன் கூடையைப் பார்த்து இத்தனை கிலோ என்பாள். தராசும் அதையேதான் சொல்லும். ஞாயிற்றுக்கிழமை சாமியார் வைத்த பிரசங்கத்தை, அவர் இருமிய இடத்தில் தானும் இருமி, வீட்டில் அப்படியே திருப்பிச் சொல்வாள். புத்தகத்தைக் கையில் கொடுத்தால்தான் தகராறு. மே மாதத் தார் ரோட்டில் செருப்பில்லாமல் நிற்கிறவளைப் போல ஒவ்வொரு எழுத்திலும் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்பாள்.

பள்ளிக்கூடத்து மதர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். மூன்றாவது தடவையும் உட்கார்ந்தால் டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவாராம். இந்தப் பிள்ளைக்கு வாசிப்பில் மட்டும்தான் கோளாறு, கேள்வியை வாசித்துக் காட்டினால் பதில் சொல்வாள் என்று விவரம் தெரிந்தவர்கள் கடிதம் கொடுத்தால், பரீட்சையில் ஒரு டீச்சரை விட்டு வாசித்துக் காட்டச் சொல்வாராம். பிள்ளை சொல்வதைக் கேட்டாலே தெரியும் விஷயத்துக்கு அவருக்கும் ஒரு தாள் வேண்டியிருந்தது.

அப்படித்தான் மயிலாப்பூருக்குப் போய்ச் சேர்ந்தோம். குளத்துக்குப் பின்னால் ஒரு சந்து, மாடியில் ஒரு டிரஸ்ட். அங்கே சூடாமணி டீச்சர் ஜொவிட்டாவை இரண்டு மணி நேரம் உட்காரவைத்துப் பேசிவிட்டு, இதற்கு டிஸ்லெக்சியா என்று பேர் என்றார். அறிவெல்லாம் நன்றாக இருக்கிறதாம். எழுத்தையும் அதன் சத்தத்தையும் சேர்க்கிற இடத்தில்தான் தடுமாற்றமாம். என் முட்டி வலிக்கு இருபது வருஷமாக ஒரு டாக்டராலும் பேர் வைக்க முடியவில்லை. இங்கே இரண்டு மணி நேரத்தில் வைத்துவிட்டார்கள்.

சரி, கடிதத்தைக் கொடுங்கள் என்றேன். தலைவர் ராமானுஜம் கையெழுத்துப் போட வேண்டும், அவர் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார் என்று டீச்சர் இழுத்தார். சாய்நாத் என்பவர் செய்யும் ஆராய்ச்சிக்குப் பன்னிரண்டு சனிக்கிழமை பிள்ளையை அழைத்து வர வேண்டும். பன்னிரண்டாவது சனிக்கிழமை கடிதம் கைக்கு வரும்.

சாய்நாத் எழுத்து செய்கிறவர். கதை எழுதுகிறவர் என்று நினைக்க வேண்டாம், எழுத்தையே செய்கிறவர். சீமையில் போய் அதைப் படித்துவிட்டு வந்தாராம். கம்ப்யூட்டரில் ஒரு 'க'வை வைத்துக்கொண்டு காலையிலிருந்து சாயங்காலம் வரை அதற்குத் தொப்பை வைப்பதும் எடுப்பதுமாக இருப்பார். இந்த மாதிரிப் பிள்ளைகள் கண்ணுக்கு எழுத்து ஆடுகிறது, திரும்புகிறது, அதனால் அடிப்பாகத்தைக் கனமாக்கினால் வைத்த இடத்தில் நிற்கும் என்பது அவர் கணக்கு.

"வண்டில ஐஸ் ஏத்துறப்ப பெரிய கட்டியத்தானே கீழ வைப்பீங்க, பெரியவரே? அதே தத்துவம்தான்."

"ஐஸு வண்டில கீது சார், வண்டி ஓடுது. எழுத்து எங்க ஓடப் போவுது?"

சிரித்துவிட்டு அதை நோட்டில் எழுதிக்கொண்டார். நான் எதைச் சொன்னாலும் எழுதிக்கொள்வார். அதுவே எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த எழுத்துகளைப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் யானைக்கால் வந்திருந்தது. எங்கள் தெருவிலும் யானைக்கால் வந்தவர் ஒருவர் உண்டு. அவராவது நடக்கிறார்.

சனிக்கிழமைதோறும் ஒரே கதை. மல்லிகா என்ற பெண், அவள் வீட்டுப் பழைய குடை. கதையை மாற்றினால் போன வாரத்து வேகத்தோடு ஒப்பிட முடியாதாம். ஜொவிட்டா வாசிப்பாள், சாய்நாத் கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு நிற்பார். முதல் வாரம் ஒன்பது நிமிஷம். நாலாவது வாரம் நாலு. ஒன்பதாவது வாரம் ஒன்றரை. சுவரில் ஒட்டியிருந்த வேகக் கோடு கீழிருந்து மேலே ஏறிக்கொண்டே போனது. கதையை ஒரு தடவை மாற்றிப் பாருங்களேன் என்று சூடாமணி டீச்சர் கேட்டது என் காதிலேயே விழுந்தது. அளவு கெட்டுவிடும் என்று சொல்லிவிட்டார்.

கோடு ஏறிய ரகசியம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஜொவிட்டா பாத்திரம் தேய்த்துக்கொண்டே மல்லிகா கதை சொல்வாள். மீன் செதில் எடுத்துக்கொண்டே சொல்வாள். என் மருமகள் ஆனிக்கு அது ஜெபமாலை நடுவில் வந்து விழுந்ததில், ஒரு நாள் ஜெபத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். நான் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. எனக்கு வேண்டியது கடிதம்.

பன்னிரண்டாவது சனிக்கிழமை லஸ்ஸில் ஒரு ஹாலில் கூட்டம் வைத்தார்கள். இந்த எழுத்துக்கு ஆதரவு தருகிற கம்பெனிக்காரர்கள் வருகிறார்களாம், அவர்கள் முன்னால் ஜொவிட்டா வாசிக்க வேண்டுமாம். முதல் நாள் பார்த்து டிரஸ்டில் பிரிண்டர் படுத்துவிட்டது. சாய்நாத் ஒரு ஃபிளாப்பியை என் கையில் கொடுத்து, தி. நகரில் கரீமுல்லா வைத்திருக்கும் டி.டி.பி. கடையில் ஒரு தாள் அடித்து வாங்கி வரச் சொன்னார்.

கரீமுல்லா நல்ல மனுஷன். ஃபிளாப்பியைப் போட்டுப் பார்த்துவிட்டுக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டான்.

"இன்னா நைனா, எழுத்துக்கெல்லாம் அடில நீர் கோத்துக்கினு கீது. ஃபிளாப்பி கெட்டுப்போச்சு போல. நாலு பேர் முன்னால சாருக்கு அசிங்கமாயிடும். இரு, நான் நல்ல எழுத்துல அடிச்சுத் தர்றேன்."

தடுத்திருக்கலாம். அவன் முழுக்கதையையும் தட்டி, சுற்றிலும் பூ பார்டர் வைத்து, கவரில் போட்டு, கூலிகூட வேண்டாம் என்றான். இதைத் தப்பு என்று சொன்னால் போன் போடுவார்கள், கூட்டத்தைத் தள்ளி வைப்பார்கள், கடிதமும் தள்ளிப்போகும். அதோடு, பன்னிரண்டு வாரத்தில் எழுத்து எழுத்தாக இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

கூட்டத்தன்று சாய்நாத் மைக் வயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கவரைத் திறக்காமலே ஜொவிட்டா கையில் கொடுத்துவிட்டார். பிள்ளை மேடையில் நின்று தாளைப் பிடித்தாள். மல்லிகா, குடை, மழை என்று மடமடவென்று கொட்டித் தீர்த்தாள். ஒரு நிமிஷம் பத்து செகண்ட். ஒரே கைதட்டல். வெள்ளைக்கார அம்மா ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மல்லிகா யார் என்றுகூட அவளுக்குத் தெரிந்திருக்காது.

அப்புறம்தான் வந்தது வினை. தலைவர் மைக்கைப் பிடித்தார். இவ்வளவு அருமையாக வாசிக்கும் பெண்ணுக்கு, வாசிக்க வராது என்று கடிதம் கொடுப்பது அவளை அவமதிப்பதாகும், ஆகவே அந்தக் கடிதத்தை ரத்து செய்து அதற்குப் பதிலாக இந்தக் கேடயத்தை வழங்குகிறோம் என்றார். இன்னொரு கைதட்டல்.

நான் எழுந்து நின்றேன்.

"ஐயா, கேடயத்தக் காட்டுனா மதர் பரீட்சைல கேள்விய வாசிச்சுக் காட்டுவாங்களா?"

பெரியவர் சந்தோஷத்தில் உணர்ச்சிவசப்பட்டிருக்கிறார் என்று தலைவர் மைக்கிலேயே சொன்னார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன்.

"மல்லிகாவின் வீட்டில் ஒரு பழைய குடை இருந்தது. அதில் இரண்டு கம்பிகள் வளைந்திருந்தன. மழை பெய்தால் மல்லிகா பாதி நனைவாள், பாதி நனைய மாட்டாள்."

நிறுத்தவில்லை. குடை ரிப்பேர்காரன் வந்து, அவன் அதைத் தொலைத்து, வேறொருத்தி குடையைக் கொடுத்து ஏமாற்றுகிற வரைக்கும் சொல்லி முடித்துக் கண்ணைத் திறந்தேன்.

"மூணாங்கிளாஸ் நானு. எனக்கும் ஒரு கேடயம் குடுங்க. அந்தத் தாள வாங்கிப் பாருங்க சார். ஒரு எழுத்துக்காவது கால் வீங்கிக் கீதா?"

சாய்நாத் தாளை வாங்கினார். பூ பார்டரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சூடாமணி டீச்சர் கைப்பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்துக்கொண்டு மேடைக்குப் போனார். இரண்டிலும் ஒரே புதுக்கதை. ஒன்று வீங்கிய எழுத்தில், மற்றது சாதாரண எழுத்தில். ஆறு வாரமாகக் கேட்டும் நடக்காத சோதனை. ஜொவிட்டா பக்கத்தில் குனிந்து, உனக்கு இஷ்டம் இருந்தால் மட்டும் வாசி என்றார். பிள்ளை என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

வீங்கிய எழுத்தில் மூன்றாவது வார்த்தையில் நின்றாள். சாதாரண எழுத்திலும் அதே மூன்றாவது வார்த்தையில் நின்றாள். கைதட்டின கைகளெல்லாம் மடியில் கிடந்தன. அவள் கழுத்து வியர்ப்பது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. பிறகு டீச்சர் கதையை ஒரு தடவை வாசித்துக் காட்டினார். ஜொவிட்டா முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை திருப்பிச் சொன்னாள். கேட்ட நாலு கேள்விக்கும் பதில் சொன்னாள்.

கம்பெனிக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்ததால் டீச்சர் நீட்டிய கடிதத்தில் தலைவர் அங்கேயே கையெழுத்துப் போட்டார். கேடயத்தை ஜாக்கிரதையாகத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

படியிறங்கும்போது ஜொவிட்டா என் கையைப் பிடிக்கவில்லை.

"இன்னா தாத்தா, எல்லாரும் கைதட்டிக்கினு இருந்தாங்க இல்ல. அத்தோட விட்டுருக்கக் கூடாதா?"

"வுட்டுருந்தா டி.சி. குடுத்துருப்பாங்க."

"தெரியும்" என்றாள். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

வாசலில் டீச்சர் வந்து, புதன்கிழமைகளில் தன்னிடம் அனுப்பச் சொன்னார். மண்ணில் எழுதி, ஒவ்வொரு சத்தமாகச் சேர்த்துக் கற்றுக்கொடுப்பாராம். இரண்டு வருஷம் ஆகுமாம். அப்புறமும் வேகமாக வாசிப்பாளா என்று கேட்டேன். அப்படியெல்லாம் உறுதி சொல்ல முடியாது என்றார். வியாபாரம் தெரியாத அம்மா.

ஜொவிட்டா வண்டியில் ஏறி எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். என்ஜினை இரண்டு தடவை உதைத்தேன்; கிளம்பவில்லை. அதற்குள் சாய்நாத் ஓடி வந்தார். திட்டப் போகிறார் என்று பார்த்தால் கையில் நோட்டு.

"ரொம்ப நன்றி பெரியவரே. தப்பு எங்கன்னு இப்பதான் பிடிபட்டுது. அடியில எடை பத்தல. இன்னும் கொஞ்சம் ஏத்தணும். அடுத்த சனிக்கிழமை கூட்டிக்கிட்டு வாங்க. புதுக் கதை."

"ஏத்து சார், ஏத்து. தாள் தாங்குதான்னு பாத்துக்க."

அதையும் எழுதிக்கொண்டார்.

கடிதம் சட்டைப் பையில் இருந்தது. கேட்டபடியே எழுதியிருப்பதாக டீச்சர் எனக்கு வாசித்துக் காட்டியிருந்தார். அவர் வாசித்ததுதான் அதில் இருக்கிறதா என்பது திங்கட்கிழமை மதர் வாசிக்கும்போது தெரியும். வண்டியைத் தள்ளிக்கொண்டு சாந்தோம் பக்கமாக நடந்தேன். எடை, கோணம், இடைவெளி என்று பின்னாலிருந்து சாய்நாத் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.