ஆறாம் எண் குப்பி

"உன் ஸ்டென்ட் கரையும்போது நானும் சேர்ந்து கரைஞ்சிடுவேனோ?" என்று கேட்டபடியே கணவன் சட்டைப் பொத்தானைப் போட்டான்.

"வாயை வச்சுக்கிட்டு சும்மா கிளம்புங்க," என்றாள் அவள்.

நான்கு மாதங்களுக்கு முன் அவனுடைய இதயக்குழாயில் வைக்கப்பட்ட அந்தக் கரையும் சுருள், அவள் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. ஆயுசுக்கும் நெஞ்சில் உலோகத்தோடு அவன் வாழ வேண்டாம் என்று நினைத்து, அவள்தான் அந்தச் சுருளை நோயாளிகளுக்கு வைத்துப் பார்க்கும் மருத்துவச் சோதனையில் அவனைச் சேரச் சொன்னாள். சுருள் செய்ய இருந்த இரண்டு பாலிமர்களில் மெல்லியதை, சீக்கிரம் கரைவதைத் தேர்ந்தெடுத்தவளும் அவளே. குப்பிக்குள் உடல்சூட்டு நீரில் ஆறு மாதம் கிடந்தும் அதில் மயிரிழை விரிசல்கூட விழவில்லை.

"குப்பியில தண்ணி அசையாம நிக்குது. இதயம் அப்படி நிக்குமாம்மா?" என்று மூத்த பொறியாளர் கேட்டிருந்தார். சுருளைத் துடிப்போடு வளைத்துப் பார்க்கும் இயந்திரம் அப்போது பழுதாகிக் கிடந்தது. அது சரியாகும்வரை அவள் பொறுக்கவில்லை.

கணவன் கிளம்பிப் போன அன்று மதியம் மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. அவள் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. சுருள் ஒடிந்து குழாயை அடைத்துவிட்டதாக மருத்துவர் சொன்னார்.

ஒரு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பியவள், கைப்பையைக்கூட இறக்காமல் குப்பிகள் கிடந்த உடல்சூட்டு நீர்த் தொட்டியைத் திறந்தாள். ஆறாம் எண் குப்பியில் அதே பாலிமர்ச் சுருள் ஒடியாமல் முழுசாகக் கிடந்தது.