ஊமத்தம்பூச் சுருட்டும் பின்பாட்டும்

ருய்யுன் விசிலடிப்பது போல மூச்சு விடும் சத்தம் ஒப்பனை அறைக்கு வெளியே நின்ற எனக்கே கேட்டது. பழைய மேடை ஆட்டங்களுக்கு அரசாங்கத் தடை இருந்த பத்து வருஷமும் சுண்ணாம்புச் சூளையில் மண்வெட்டி பிடித்தவளுக்கு இழுப்பு வராமல் வேறென்ன வரும்? இப்போது தடை நீங்கிவிட்டது. உப்பு வியாபாரிகள் சங்கத்து மேடையில் அன்று மத்தியானம் எங்கள் முதல் ஆட்டம். காணாமல் போன படகுக்காரனை ஆற்றங்கரையில் நின்று கூப்பிடும் மனைவி வேஷம் அவளுடையது. அதைத் திரும்ப ஒரு தடவை ஆடிவிட வேண்டும் என்றுதான் அவள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தக் காலத்தில் படகுக்காரன் வேஷம் கட்டியவன் அவள் புருஷன் கோங் பெய். அதே சூளையில் நெஞ்சடைத்துப் போய்ச் சேர்ந்தான்.

வைத்தியரம்மா யான் ஒரு காகிதப் பொட்டலத்தோடு வந்து சேர்ந்தாள். உள்ளே காய்ந்து பழுப்பேறிய பூத்துண்டுகள். எனக்குச் சுர்ரென்று வந்தது.

"ஏம்மா, இது ஊமத்தம்பூ இல்ல? எலும்பு ஒடிஞ்சவனை மயக்கிப் போடக் குடுப்பாங்களே, அதுதானே? பாட வந்தவளைப் பைத்தியமாக்கவா பாக்கறே?"

"நீ சேகண்டி தட்டற வேலையைப் பாரு. மூச்சுக் குழாயைத் திறக்க இதை விட்டா இப்ப எதுவும் இல்ல." பூவைக் காகிதத்தில் சுருட்டிப் பற்ற வைத்து ருய்யுனிடம் நீட்டினாள். "கொஞ்சமா இழு. கூடப் போச்சுன்னா நாக்கு வறண்டு ஒட்டிக்கும். கண்ணு மங்கும். அதுக்கும் மேலே போனா இல்லாத ஆளெல்லாம் எதிர்ல வந்து நிப்பாங்க. போதும், குடு இப்படி."

புகை உள்ளே போன சிறிது நேரத்தில் அந்த விசில் சத்தம் நின்றுவிட்டது. ருய்யுன் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கன்னத்தில் ரத்தம் ஏறியது. வேலியோரத்தில் ஆடு கூட வாய் வைக்காத பூ அது. அது எப்படி ஒரு மனுஷியின் நெஞ்சுக்குள் போய்க் கதவைத் திறக்கிறது என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.

முதல் காட்சியில் அவள் பாடிய பாட்டுக்குக் கூட்டத்தில் தேநீர் ஊற்றுகிறவன் கூட ஊற்றுவதை நிறுத்திவிட்டான். ஆற்றங்கரைக் காட்சிக்கு முன்னால் திரைக்குப் பின்னாலிருந்து மறுபடி அதே புகை நாற்றம். ஓடிப் போய்ப் பார்த்தேன். வைத்தியரம்மா அசந்த நேரத்தில் ருய்யுன் பொட்டலத்திலிருந்து ஒரு பிடி எடுத்துச் சுருட்டி முழுவதையும் இழுத்து முடித்திருந்தாள்.

"என்ன காரியம் பண்ணித் தொலைச்சே?"

"இழுப்பு திரும்பி வர்ற மாதிரி இருந்துச்சுண்ணே. ஆத்தங்கரைப் பாட்டு நீளமாச்சே." அதற்குள் கொட்டு கூப்பிட்டது. அவள் போய்விட்டாள்.

நடு மேடையில் நின்று வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது எனக்குத் தெரிந்தது.

எங்கள் ஆட்டத்தில் தந்தி வாத்தியம் கிடையாது. கொட்டும் சேகண்டியும்தான். அடிக்கிற நாங்களே பின்பாட்டும் பாடுவோம். ஆடுகிறவள் வாய்விட்டுச் சொல்ல முடியாததை நாங்கள் பின்னாலிருந்து சொல்வோம், அவள் மனசு பேசுவது போல. வழக்கமாக வரியின் வால் மட்டும்தான் எங்களுக்கு. அன்று நான் முழுப் பாட்டையும் எடுத்துக்கொண்டேன். கொட்டுக்காரர் முறைத்தார். முறைக்கட்டும்.

நான் பாடப் பாட அவள் ஆடினாள். அப்படி ஓர் ஆட்டத்தை நான் பார்த்ததே இல்லை. கண்மணி முழுக்க விரிந்து கண் இரண்டும் கறுப்பாகக் கிடந்தது. யாரும் இல்லாத இடத்தை அந்தக் கண் பிடித்துக்கொண்டது. அங்கே யாரோ நடந்தால் எப்படிப் பார்வை கூடவே போகுமோ அப்படிப் போனது. கூட்டத்தில் அத்தனை தலையும் அதே பக்கம் திரும்பியது. நானும் திரும்பிப் பார்த்தேன், வெட்கமாகத்தான் இருக்கிறது.

பிறகு அவள் மேடை விளிம்பை நோக்கி நடந்தாள்.

அந்த மேடைக்குக் கீழே ஆள் நிமிர்ந்து நடந்து போகலாம், அவ்வளவு உயரம். கீழே கருங்கல் தரை. ஜனங்கள் ஆட்டம் என்று நினைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் பின்சுவரோரம் இருந்தேன். எழுந்து ஓடினாலும் எட்டாது. அவள் சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள்.

அந்தக் காட்சியில் படகுக்காரனுக்குப் பேச்சே கிடையாது. ஆனால் பின்பாட்டுக்காரன் யார் மனசை வேண்டுமானாலும் பாடலாம். சேகண்டியை ஓங்கி ஒரு அடி அடித்துவிட்டு அவன் மனசைப் பாடினேன், அந்த நிமிஷம் வாயில் வந்ததை.

"நில்லடி அங்கே, நீ வரலாகாது! ஆழம் அறியாய், அக்கரை உனக்கில்லை!"

ஒரு கால் விளிம்பில், மற்ற கால் தூக்கியபடி. அவள் நின்றாள். கொஞ்ச நேரம் எதிரே பார்த்தாள். தலையாட்டினாள். தூக்கிய காலைப் பின்னால் வைத்து மெதுவாக உட்கார்ந்தாள். கூட்டம் எழுந்து கூரை பறக்கக் கத்தியது. வைத்தியரம்மா ஓடி வந்து அவளைத் தொட்டாள். உடம்பு நெருப்பாகச் சுட்டது, ஒரு சொட்டு வியர்வை இல்லை. விஷம் முறியப் பாசிப்பயறும் அதிமதுரமும் கொதிக்க வைத்துப் புகட்டிக்கொண்டே, கிளினிக் டாக்டருக்கும் ஆள் அனுப்பினாள்.

மறுநாள் காலையில்தான் ருய்யுனுக்குத் தெளிந்தது. நான் கஞ்சி கொண்டுபோனேன்.

"அண்ணே, அவர் அக்கரையில நின்னாரு. வராதேன்னாரு."

"கோங் பெய் சொல்லியிருப்பான். நல்ல மனுஷன்" என்றேன்.

"பொய் சொல்லாதீங்க. வாயைத் திறந்தது அவர், வந்தது உங்க குரல். சுருதியே சேராத அந்தக் குரலை எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா நின்னே?"

கஞ்சிக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள்.

"போய்ச் சேர்ந்ததுலேர்ந்து என்கிட்ட ஒரு வார்த்தை பேசலை. இப்பதான் முதல் தடவையா ஒண்ணு சொல்றாரு. யார் தொண்டையில சொன்னா என்னண்ணே, அதைத் தட்டிட்டு எப்படி நடப்பேன்?"