பூட்டிய முகவரி

அலுவலகத்தில் எல்லோரும் அவளைப் பூட்டக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். இணைய இணைப்பு கொடுக்கும் அந்த நிறுவனத்தில் புகார்ப் பிரிவு அவளுடைய பொறுப்பு. ஏதாவது ஓர் இணைப்பிலிருந்து குப்பை மின்னஞ்சல் கிளம்பினால், அந்த இணைப்பின் முகவரி எண்ணைப் பட்டியலில் ஏற்றிப் பூட்டுவாள். பட்டியலில் ஏறிய எண்ணிலிருந்து என்ன கடிதம் வந்தாலும் வெளி நிறுவனங்கள் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும்.

ஆனால் அந்த எண் எந்த வீட்டுக்கும் நிலையாகச் சொந்தமில்லை. மோடத்தை ஒருமுறை அணைத்துப் போட்டாலே வேறு எண் வந்துவிடும். பழைய எண் அடுத்து யார் வீட்டுக்குப் போகும் என்று சொல்ல முடியாது. எந்த நிமிடத்தில் எந்த எண் யாரிடம் இருந்தது என்ற பதிவு வேறு பிரிவில் இருந்தது. கேட்டால், கைக்கு வர இரண்டு நாள் ஆகும்.

அந்த மாதம் ஒரு புதுக் கடிதம் பரவியது. ‘உங்கள் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. திறந்து பாருங்கள்.’ அவ்வளவுதான். திறந்தவரின் கணினியும் சத்தமில்லாமல் அதே கடிதத்தை ஆயிரக்கணக்கில் அனுப்பத் தொடங்கும். காலையில் அவள் ஏழு எண்களைப் பூட்டினால் மதியத்துக்குள் பதினொன்று முளைத்தன.

அவள் மேலாளரிடம் போனாள்.

“சார், எண்ணைப் பூட்டிப் பிரயோஜனமே இல்ல. திருடன் சட்டையைக் கழட்டிப் போட்டுட்டுப் போறான். அதை அடுத்து மாட்டுறவனை நாம பிடிக்கிறோம்.”

“அதுக்கு என்னம்மா பண்ணச் சொல்றே?”

“வீட்டு இணைப்புல இருந்து நேரா வெளிய கடிதம் போற வழியை அடைச்சிடலாம். எல்லாரும் நம்ம சர்வர் வழியா, பேரும் பாஸ்வேர்டும் குடுத்துத்தான் அனுப்பணும். மணிக்கு இத்தனைதான்னு ஒரு அளவு வெச்சுக்கலாம். அப்புறம் எண் எத்தனை தடவை மாறினாலும் ஆளு யாருன்னு தெரிஞ்சிடும்.”

“எல்லா வீட்டுக்கும் அடைச்சா நம்மளப் போன்லயே கிழிச்சிடுவாங்க. அடுத்த மாசம் பாக்கலாம். அதுவரைக்கும் பூட்டிட்டே இரு.”

அவளும் பூட்டிக்கொண்டே இருந்தாள்.

மூன்று வாரம் கழித்து ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நிதானமான குரல்.

“மனைவியோட கண் ஸ்கேனைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மெயில்ல அனுப்பியிருந்தேன்மா. போன வாரம் நேர்ல போய்க் கேட்டா, அப்படி ஒண்ணு வரவே இல்லைங்கறாங்க. அன்னிக்கு ஏன் போகலைன்னு மட்டும் பாத்துச் சொல்ல முடியுமா?”

தேதியையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு பதிவுக்கு எழுதிப் போட்டாள். இரண்டு நாளில் தாள் வந்தது. அன்று மாலை நாலு பத்துக்கு அவர் கடிதம் அனுப்பியிருக்கிறார். அப்போது அவரிடம் இருந்த எண்ணை அவள் மூன்று நாற்பதுக்குப் பூட்டியிருந்தாள். பூட்டியபோது அது வேறு யாரோ ஒருவருடையது.

தாளோடு மேலாளர் முன்னால் போய் நின்றாள். அவர் இரண்டு தடவை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“இது வெளிய போகக் கூடாது.”

“வழியை அடைக்கணும் சார். இன்னிக்கே.”

அவர் தலையை ஆட்டினார்.

அன்று சாயங்காலமே அடைத்தார்கள். மறுநாள் காலை, அடைத்த வழியில் நேராகக் கடிதம் அனுப்ப முட்டிக்கொண்டிருந்த வீடுகளின் பட்டியல் வந்தது. இந்தத் தடவை எண்களுக்குப் பதில் வாடிக்கையாளர் பெயர்கள் இருந்தன. முதல் பெயரை இரண்டாம் முறை படித்தாள். அது நில அளவையாளரின் பெயர். ஒரே இரவில் ஒன்பதாயிரம் தடவை முட்டியிருந்தது அவர் கணினி.

மதியம் அவர் வீட்டுக்குப் போனாள். கூடத்து மேசையில் கணினி, பக்கத்தில் சொட்டு மருந்துக் குப்பிகள். அவர் மனைவி வலது கண்ணில் கட்டோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

“இதுல சமீபத்துல என்ன கடிதம் திறந்தீங்க சார்?”

“ஆஸ்பத்திரிக்கு அனுப்பின ரெண்டாம் நாள், முடிவு வந்துடுச்சுன்னு ஒண்ணு வந்துச்சு. திறந்தா உள்ள ஒண்ணுமே இல்ல. சரி, அவங்களே மறுபடி அனுப்புவாங்கன்னு பேசாம இருந்துட்டேன்.”

“கடிதம் போகலைன்னு ஒரு தகவல் வந்திருக்குமே.”

“எண்ணும் குறியுமா நீளமா ஒண்ணு வந்துச்சு. அதுதான் குப்பைன்னு நெனச்சு அழிச்சிட்டேன்.”

உட்கார்ந்து கணினியைச் சுத்தம் செய்தாள். ஒரு மணி நேரம் ஆனது. எழுந்தவள் கிளம்பாமல் நின்றாள். மேலாளர் சொன்னது நினைவுக்கு வந்தது. ஆனாலும் சொன்னாள்.

“உங்க கடிதத்தைத் தடுத்தது நான்தான் சார். வேற யாரையோ பூட்டினேன். அந்த எண் உங்களுக்கு வந்துடுச்சு.”

அவர் மனைவி பக்கம் திரும்பினார். மனைவி கட்டில்லாத கண்ணால் அவளைப் பார்த்தார்.

“ரெண்டு வாரம் முன்னாடி வந்திருந்தா பார்வை மிஞ்சியிருக்கும்னு டாக்டர் சொன்னாரும்மா. இப்ப எனக்கு இந்த ஒண்ணுதான்.”

அந்தக் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை என்று தோன்றியது அவளுக்கு.

வாசல் வரை வந்த அளவையாளர் கேட்டார். “மொத்தம் எத்தனை எண் பூட்டினீங்கம்மா?”

“முந்நூத்திப் பன்னெண்டு.”

“அதுல எங்களை மாதிரி எத்தனை பேரு?”

“பதிவு கேட்டுப் பாத்தாத்தான் தெரியும் சார்.”

குப்பைக் கடிதம் அந்த வாரத்தோடு அடங்கியது. மேலாளர் அவளைப் பாராட்டி எல்லோருக்கும் எழுதினார். அவள் அதைத் திறக்கவே இல்லை. முந்நூற்றுப் பன்னிரண்டு எண்களுக்கும் பதிவு கேட்டு எழுதினாள். பூட்டிய பிறகு ஒவ்வொரு எண்ணும் யார் யார் வீட்டுக்குப் போனது என்ற விவரம் கட்டாக வந்தது. எண்ணூறு பேருக்கு மேல் இருந்தார்கள்.

முதல் தாளை எடுத்து வைத்துக்கொண்டு அதில் முதலில் இருந்த வீட்டுக்குப் போன் செய்தாள். மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை. அந்தப் பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கோடு போட்டுவிட்டு, அடுத்த பெயரின் போன் எண்ணை அழுத்தினாள்.