உரிக்காத கூரை

என் கணவருக்கு அவர் வேலை செய்யும் இடத்தில் வைத்திருக்கும் பெயர் 'பத்திரம்'. சாமான்களுக்கு உறை போட்டு, பெட்டியில் அடைத்து, நாடா ஒட்டி அனுப்பும் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக மேற்பார்வையாளர். யார் கையில் எதைக் கொடுத்தாலும் அவர் வாயிலிருந்து முதலில் வருவது "பத்திரம்" என்பதுதான். மகள் பிறந்தபோது குழந்தையைக் கொண்டுவந்து நீட்டிய நர்ஸிடமும் அதையேதான் சொன்னார். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டுக்குள் வந்த எந்தப் புதுப் பொருளும் இன்றுவரை முழுசாகப் பிரிக்கப்பட்டதில்லை, அதை எங்கே போய்ச் சொல்ல? ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வந்த தாள் ஒன்பது வருடமாக அப்படியே இருக்கிறது. சோபாவில் உட்கார்ந்தால் பிளாஸ்டிக் சரசரக்கும். டி.வி. ரிமோட் உறைக்குள் இருக்கிறது. எந்தப் பொத்தானை அழுத்துகிறோம் என்பது அவரவர் அதிர்ஷ்டம்.

இந்த மனிதரிடம் போய்த்தான் நான் கேட்டேன்: "பின்பக்கத்துக்கு வெளிச்சம் வர்ற மாதிரி ஒரு கூரை போட்டுக் குடுங்க."

எங்கள் அடுக்களைக் கதவைத் திறந்தால் பின்னால் மரப்பலகை அடித்த தளம் ஒன்று உண்டு. நாலு நாற்காலி போடலாம். அங்கேதான் என் தையல் மிஷின். தூறல் விழுந்தாலும், வெயில் ஏறிக் கண் கூசினாலும் மிஷினையும் துணியையும் அள்ளிக்கொண்டு உள்ளே ஓட வேண்டும். தகரம் போட்டால் மலிவாக முடிந்துவிடும், ஆனால் அடுக்களை பட்டப்பகலில் இருட்டாகிவிடும் என்று அவரிடம் சொன்னேன். அது பாதி உண்மை. மீதியை உங்களிடம் மட்டும் சொல்கிறேன். என் கண் மங்கிக்கொண்டு வருகிறது. கண் டாக்டர் இரண்டு முறை கண்ணாடியை மாற்றிப் பார்த்துவிட்டு, "நல்ல பகல் வெளிச்சத்துல மட்டும் தையுங்கம்மா. முடியுற வரைக்கும் தையுங்க" என்றார். அந்த 'முடியுற வரைக்கும்' சுருக்கென்று தைத்தது. வீட்டில் மூச்சுவிடவில்லை. சொன்னால் இவர் என்னையும் உறையில் போட்டு அலமாரியில் வைத்துவிடுவார்.

எனக்கு எதிரி கறுப்புத் துணி. கறுப்பில் கறுப்பு நூல் ஓடும்போது, டியூப் லைட்டில் ஊசி போன வழியே தெரியாது. மூன்று மாதமாகக் கறுப்பு வேலை வந்தால் "கை நிறைய வேலை கிடக்கு" என்று திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தேன். கை சும்மாதான் கிடந்தது. அப்படி இருக்கும்போது வாத்தியக்குழு நடத்துகிறவர் வந்து, பதினொரு கறுப்புக் கோட்டுகளை மேஜைமேல் குவித்தார். இருபது வருட வாடிக்கை. விளிம்பெல்லாம் இறக்கிக் கைத்தையல் போட்டுத் தர வேண்டும், அடுத்த மாதக் கடைசியில் அவர்களுக்குக் கச்சேரி. மறுக்க வாய் வரவில்லை. வாங்கி வைத்துக்கொண்டு மனசுக்குள் ஒரு முடிவு எடுத்தேன். கூரை வந்த பிறகு, நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து இந்தப் பதினொன்றையும் முடித்துவிட்டால் நான் இன்னும் தையல்காரிதான். முடியாவிட்டால் மிஷினை விற்றுவிடுவது.

கூரை போடுகிற ஒருவரை வரவழைத்தோம். அவர் அண்ணாந்து பார்த்துவிட்டுக் கண்ணாடிக் கூரைக்கு ஒரு தொகை சொன்னார். என் கணவர் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, மறுபடியும் எழுந்து போய்க் குடித்தார். அன்றைக்கே முடிவாகிவிட்டது, கூரையை இவரே போடுவது என்று. துணைக்கு என் தம்பி. எலெக்ட்ரீஷியன், ஏணியில் ஏறப் பயமில்லாதவன், வாயை மூட மட்டும் தெரியாது.

கடையில் பாலிகார்பனேட் ஷீட் வாங்கினோம். இரண்டு மெல்லிய தகடு, நடுவே நீளநீளமாகக் காற்றுப் போகிற ஓட்டை. எடை இல்லை, விலை கண்ணாடியில் கால்வாசி. கடைக்காரர் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார்.

"நீலத் தாள் ஒட்டியிருக்கிற பக்கம் வானத்தைப் பாக்கணும். வெயில் தாங்குற பூச்சு அந்தப் பக்கம்தான். மாட்டுற அன்னைக்கே தாளை உரிச்சிடுங்க சார். வெயில் பட்டா ஒட்டிக்கும். அப்புறம் நகம் தேய உக்காந்து சுரண்டணும்."

இவர் தலையாட்டினார். கல்யாணமான நாளிலிருந்து அந்தத் தலையாட்டலை எனக்குத் தெரியும். கேட்டுக்கொண்டேன் என்று அர்த்தம். செய்கிறேன் என்று அர்த்தம் இல்லை.

மூன்று வாரக் கடைசிகள் வேலை நடந்தது. உள்ளதைச் சொல்ல வேண்டும், வேலை சுத்தம். ஒவ்வொரு மரச்சட்டத்தையும் ஐந்து தடவை அளந்தார். சுவர்ப்பக்கம் உயர்த்தி, தோட்டப்பக்கம் தாழ்த்திச் சாய்வு கொடுத்துவிட்டு, அதில் ஒரு ஷீட்டை வைத்து ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று குனிந்து பார்த்தார். வெயிலில் ஷீட் விரியும் என்று திருகாணியைவிடப் பெரிசாக ஓட்டை போட்டார். எறும்பு குடியேறாமல் இருக்க ஓரத்து ஓட்டைகளை நாடா வைத்து அடைத்தார். நாடா ஒட்டுகிறபோது மட்டும் அவர் முகத்தில் ஒரு தனிக் களை வந்தது. தம்பி ஒரு திருகாணியைக் கொஞ்சம் இறுக்கிவிட்டான், ஷீட் லேசாக அமுங்கியது. "பத்திரம்!" என்று இவர் போட்ட சத்தத்தில் ஏணி ஆடியது.

"அத்தான், கூரைக்கு ஒண்ணும் ஆகலை. எனக்குத்தான் நெஞ்சு நின்னுபோச்சு" என்றான் தம்பி.

மூன்றாவது ஞாயிறு மத்தியானம் ஐந்தாவது ஷீட்டும் ஏறி, இணைப்புப் பட்டைகளும் இறுகின. என்னைக் கூப்பிட்டார்கள். ஆசையோடு போய் நின்று அண்ணாந்து பார்த்தேன். கூரை முழுக்க நீலம். அதன்மேல் தயாரித்தவர்களின் பெயர் வரிசை வரிசையாக, இடவலம் மாறி.

"தாளை உரிக்கலையா?"

"உரிக்கலாம். ஓடியா போகப்போகுது?"

"கடைக்காரர் அன்னைக்கே உரிக்கச் சொன்னாரே?"

"அவரு ஆயிரம் பேருக்குச் சொல்றதைச் சொன்னாரு. இன்னும் மரத்தூள் பறக்குது, கீறல் விழும்."

மரத்தூள் அடங்கியது. அடுத்து, தூணுக்கு வர்ணம் அடிக்க வேண்டும், தெறிக்கும் என்றார். வர்ணமும் காய்ந்தது. பக்கத்து வீட்டு மரம் இலை உதிர்க்கிறது என்றார். அந்த மரம் வருடம் முழுக்க இலை உதிர்க்கும். தம்பி தினமும் வந்து காபி குடித்துவிட்டு என்னைச் சீண்டுவதையே வேலையாக வைத்துக்கொண்டான். "அக்கா, உங்க வீட்டுல உக்காந்தா நீச்சல் குளத்துக்கு அடியில உக்காந்த மாதிரி இருக்கு. அத்தான் பல்லெல்லாம் நீலமா தெரியுது பாரு." நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே நாட்களை எண்ணினேன். இரண்டு வாரம் இப்படியே ஓடியது. கோட்டுகளுக்கு இன்னும் எட்டு நாள்தான் இருந்தது.

இனிப் பொறுக்க முடியாது என்று ஒரு காலை முதல் கோட்டை எடுத்து மடியில் போட்டேன். அந்த நீலத்துக்குள் கறுப்புத் துணி கிணறு போல இருந்தது. தடவித் தடவி, விரல் நுனியை நம்பியே பாதி விளிம்பு தைத்தேன். சந்தேகம் வந்து தோட்டத்து வெயிலில் கொண்டுபோய்ப் பிடித்தேன். நூல் கருநீலம். கறுப்பு என்று நினைத்துக் கருநீல நூலைக் கோத்திருக்கிறேன். அது மட்டுமா, நாலு இடத்தில் ஊசி துணியைத் துளைத்து வெளிப்பக்கம் தையல் தெரிந்தது. நேற்றுத் தொழில் பழக வந்தவள்கூட அப்படித் தைக்க மாட்டாள். கோட்டை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே புல்லில் உட்கார்ந்துவிட்டேன். மிஷினுக்கு யார் என்ன விலை கொடுப்பார்கள் என்று யோசிக்கக்கூட ஆரம்பித்தேன்.

சாயங்காலம் இவர் சாப்பாட்டுப் பையோடு உள்ளே நுழைந்ததும் கோட்டை அவர் கையில் திணித்தேன்.

"இது என்ன கலர் நூல், சொல்லுங்க."

"கறுப்பு."

"வெளியில போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க."

போனார். திரும்பி வரும்போது குரல் இறங்கியிருந்தது. "கருநீலம்."

அவ்வளவுதான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. ஃப்ரிட்ஜிலிருந்து ஆரம்பித்தேன். சோபா, ரிமோட், மகளுக்கு வாங்கி அவள் வளர்ந்த பிறகு உறையைவிட்டு வெளியே வந்த சைக்கிள், ஒன்றையும் விடவில்லை. எல்லாம் தீர்ந்து, சொல்ல ஒன்றும் இல்லாமல் போனபோது, சொல்லக்கூடாது என்று வைத்திருந்தது வெளியே வந்து விழுந்தது.

"எனக்குக் கண்ணு போய்க்கிட்டிருக்குங்க. வெளிச்சம் இல்லாம என்னால தைக்க முடியலை. அதுக்குத்தான் இந்தக் கூரையே கேட்டேன்."

அவர் பதறவில்லை. பையை மேஜைமேல் வைத்தார்.

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"நாலு மாசமா நீ ஒரு கறுப்புத் துணிகூடத் தைக்கலை. நீ தைச்சதையெல்லாம் மடிச்சு உறையில போடுறது யாரு? நான்தானே?"

அது உண்மை. நான் தைத்துப் போடும் ஒவ்வொன்றையும் மடிப்புக் கலையாமல் உறை போட்டு வைப்பது அவர்தான். அந்த வேலையை யார் செய்கிறார்கள் என்பதையே நான் மறந்து பல வருடம் ஆகியிருந்தது.

"தெரிஞ்சிருந்துமா தாளை உரிக்காம வச்சிருந்தீங்க?"

"தெரிஞ்சதாலதான் உரிக்கலை." நாற்காலியில் உட்கார்ந்தார். என்னைப் பார்க்காமல் கோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார். "இந்த ஷீட்டு வெயில்ல கிடந்து கிடந்து கொஞ்சம் கொஞ்சமா பழுப்பாகும். மேல தூசி விழுந்து தேஞ்சு, கீறலாகும். இப்ப உனக்கு ஓரளவு தெரியுது. இன்னும் மூணு நாலு வருஷத்துல இன்னும் மங்குமில்ல? அன்னைக்குத்தானே உனக்கு நல்ல வெளிச்சம் வேணும். அப்போ போய் இது பழசாகி நின்னா நான் என்ன பண்ணுவேன்? அதுவரைக்கும் புதுசா இருக்கட்டும்னு நெனச்சேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது. இரண்டில் எதை முதலில் விடுவது என்று தெரியாமல் நின்றேன். என் கணவர்மேல் எனக்கு அவ்வளவு பிரியம் பொங்கி வந்த நாள் வேறு இல்லை; அந்த மண்டையில் ஒரு குட்டு வைக்க வேண்டும் என்று அவ்வளவு ஆசை வந்த நாளும் இல்லை.

"ஏங்க, வெளிச்சத்தையுமா சேத்து வைப்பாங்க?" என்றேன். "கூரை புதுசா இருக்கும், சரி. நான் இன்னைக்கு இருக்கிற மாதிரியா அன்னைக்கு இருப்பேன்? இன்னும் நாலு வருஷம் கழிச்சு எவ்ளோ வெளிச்சம் கொண்டுவந்து கொட்டினாலும் எனக்குத் தெரியாமப் போகலாம். இப்பதான் தெரியுது. எனக்கு இப்பக் குடுங்க."

அவர் கோட்டை மடித்து மேஜைமேல் வைத்தார். பிறகு எழுந்து, சட்டைகூட மாற்றாமல் ஏணியை எடுத்து வந்து சாத்தினார்.

கடைக்காரர் சொன்னது ஒரு எழுத்துப் பிசகவில்லை. தாள் வெயிலில் வெந்து ஷீட்டோடு ஒட்டிப்போயிருந்தது. பிடித்து இழுத்தால் சுண்டுவிரல் அகலத்துக்குக் கிழிந்து வந்தது. இணைப்புப் பட்டைகளைத் தளர்த்தி, ஷீட்டுகளை ஒவ்வொன்றாக இறக்கி, தரையில் போர்வை விரித்துப் போட்டு உரிப்பதைத் தவிர வேறு வழியில்லை. தம்பிக்கு ஃபோன் செய்தேன். "அத்தான் ஒரு பொருளைப் பிரிக்கிறாரா? இரு, கையில இருக்கிற வேலையைப் போட்டுட்டு வரேன்" என்று ஓடி வந்தான். வெந்நீரில் நனைத்த துணி, தலைமுடி உலர்த்தும் கருவி, நகம், எல்லாம் பயன்பட்டன. நாலு சாயங்காலம் ஆனது. கீறல் விழும் என்று எந்த இரும்பையும் தொடவிடாமல், இவர் கடைசிவரை விரலாலேயே உரித்தார். இரண்டு நகம் உடைந்தது. நான் மருந்து போட்டுவிட்டபோது, "சொன்ன அன்னைக்கே உரிச்சிருக்கலாம்" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததைக் கேட்கத் தம்பி பக்கத்தில் இல்லாமல் போய்விட்டான்.

ஐந்தாம் நாள் காலை அடுக்களைக் கதவைத் திறந்தேன். தளம் முழுக்க வெளிச்சம். கரும்பலகை போல் கிடந்த கோட்டில் துணியின் இழை தெரிந்தது, மடிப்பு தெரிந்தது. உட்கார்ந்து பழைய கருநீலத் தையலைப் பிரித்துவிட்டுக் கறுப்பு நூலை எடுத்தேன், மூன்றாவது தடவையில் கோத்துவிட்டேன். ஊசி உள்ளே போவதும் வெளியே வருவதும் தெரிந்தது. பழையபடி என்று சொல்ல மாட்டேன், முன்பெல்லாம் பேசிக்கொண்டே தைப்பேன், இப்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு தைத்தேன். ஆனாலும் தெரிந்தது. இவர் லீவு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்து, துணி துவளாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டார். நாலு நாள். பதினொரு கோட்டும் முடிந்தன.

வாத்தியக்குழுக்காரர் வந்து ஒரு கோட்டை உறையிலிருந்து எடுத்து, விளிம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எப்பவும் போலதான், குறையே சொல்ல முடியாது" என்றார். அந்த 'எப்பவும் போல' எனக்கு எவ்வளவு பெரிய பரிசு என்று அவருக்குத் தெரிய நியாயமில்லை. வாசல்வரை போனவர் திரும்பி நின்றார்.

"அடுத்த வருஷம் குழுவுக்குப் புதுசா பதினஞ்சு கோட்டு தைக்கலாம்னு இருக்கோம்மா. உங்ககிட்டதான் வருவேன். மெதுவாச் சொல்றேன்."

"அடுத்த வருஷம் வரைக்கும் எதுக்கு?" என்றேன். "துணியை நாளைக்கே கொண்டு வாங்க."

"அவ்ளோ அவசரமா?" என்று அவர் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். என் கணவர் சிரிக்கவில்லை. அளவு எழுதிக்கொள்ள உள்ளே போய்ப் பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொண்டு வந்தார்.